ஊர் சுமக்கும் காயம்

(கூரத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமுதாயக் கூட்டம் என்றால் இடஒதுக்கீடு பற்றிப் பேசுவோம், சிறைவாசிகள் விடுதலை பற்றிப் பேசுவோம், வக்ஃபு சொத்துகள் பற்றிப் பேசுவோம். அவையெல்லாம் பேச வேண்டியவைதாம். அடுத்த கூட்டத்திலும் பேசுவோம், இன்ஷா அல்லாஹ். இன்று நான் எடுத்துக் கொண்டிருப்பது கலெக்டரிடம் மனுக் கொடுக்க முடியாத ஒரு விஷயம். கலவரம் ஓய்ந்து, வழக்கு முடிந்து, இழப்பீட்டுத் தொகையும் கைக்கு வந்த பிறகும் ஒரு ஊரில் ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறதே, அந்தக் காயத்தைப் பற்றி உங்களோடு பேசப் போகிறேன்.

1992 டிசம்பர் 6 அன்று பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது. 2019 நவம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியது. இந்த இரண்டு தேதிக்கும் நடுவே பிறந்த தம்பிமார்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நீங்கள் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் அல்ல. ஆனாலும் டிசம்பர் 6 வந்தால் உங்கள் முகம் வாடுகிறது. ஆர்ப்பாட்டத்தில் முன்வரிசையில் நிற்கிறீர்கள். பார்க்காத ஒன்று எப்படி வலிக்கிறது? அடி ஒருவருக்கு விழவில்லை, ஒரு சமுதாயத்துக்கு விழுந்தது. அதனால் அது பரம்பரையாக இறங்குகிறது, வீடு இறங்குவது போல, கடன் இறங்குவது போல!

நம் மாநிலத்திலேயே கோவையை எடுத்துக் கொள்ளுங்கள். 1997 நவம்பர் கடைசியில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் நம்மவர் 18 பேர் உயிரிழந்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. 1998 பிப்ரவரி 14 அன்று குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டார்கள். மார்க்கெட்டுக்குப் போனவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், எந்தப் பாவமும் அறியாதவர்கள். அதற்குப் பிறகு கோட்டைமேடும் உக்கடமும் பட்ட பாட்டை இங்கே இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். சம்பந்தமே இல்லாத எத்தனையோ குடும்பங்கள் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைந்தன. கடையைத் திறந்து வைத்தாலும், இருபது வருஷ வாடிக்கையாளர் தெருவின் அந்தப் பக்கமாக நடந்து போய்விடுவார். அந்த வாடிக்கையாளரும் கெட்டவர் அல்லர். அவர் வீட்டிலும் ஒரு சாவு நடந்திருக்கலாம். அவருக்கு இவர் முகத்தைப் பார்க்கப் பயம். இவருக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம். இந்தப் பயத்துக்கும் கூச்சத்துக்கும் எந்தக் கமிஷனும் அறிக்கை எழுதியதில்லை.

இதற்கு மருந்து உண்டா என்பதுதான் கேள்வி. நாம் அமர்ந்திருக்கிற இந்தக் கூரத்தின் மண்ணே அதற்கு ஒரு குறிப்புத் தருகிறது. இந்த ஊரின் பெயரில் புகழ்பெற்ற செப்பேடுகள் உண்டு. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தவை, அதாவது ஏழாம் நூற்றாண்டு. அந்த மன்னன் ஆட்சியில் காஞ்சி பட்ட துயரம் கொஞ்சமல்ல. சாளுக்கிய விக்கிரமாதித்தன் படையெடுத்து வந்து காஞ்சியைப் பிடித்தான். பிறகு பெருவளநல்லூரில் பெரும்போர் நடந்தது. அந்தப் போரின் கோரத்தை இந்தச் செப்பேடே வருணிக்கிறது. அதே செப்பேட்டில், சில வரிகள் தள்ளி, வேறொரு செய்தி வருகிறது. கூரத்துக் கோயிலுக்காக ஒரு கிராமத்தை இருபத்தைந்து பங்காகப் பிரிக்கிறார்கள். வேதம் ஓதுவோருக்கு, பூஜைக்கு, கோயில் பழுது பார்க்க என்று பங்குகள் போகின்றன. மண்டபத்தில் தண்ணீரும் நெருப்பும் வைக்க ஒரு பங்கு. அந்த மண்டபத்தில் உட்கார்ந்து பாரதம் வாசிக்க ஒரு பங்கு!

எண்ணிப் பாருங்கள் சகோதரர்களே! பாரதம் என்ன கதை? ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் வெட்டிக் கொண்டு செத்த கதை. போரில் அடிபட்ட ஒரு நாட்டில், ஊர்ச் சனங்கள் கூடி உட்கார்ந்து போரின் கதையைக் கேட்பதற்கு அரசு மானியம் ஒதுக்கியிருக்கிறது. அந்தக் காலத்து மனிதர்கள் எதை நினைத்துச் செய்தார்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் தண்ணீருக்கு ஒரு பங்கு, கதைக்கு ஒரு பங்கு என்று சமமாக வைத்தார்களே, அது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

இன்றைக்கும் இந்தக் காஞ்சி வட்டாரத்தில் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கட்டைக்கூத்து. 1990 முதல் கட்டைக்கூத்துச் சங்கம் இயங்கி வந்ததும், 2002 முதல் 2020 வரை புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலம் நடந்ததும், ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் கூத்துக் கற்றதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைசி நாள் படுகளம். மண்ணால் துரியோதனன் உருவத்தைப் பெரிதாகச் செய்து தரையில் கிடத்தியிருப்பார்கள். பீமன் ஜெயித்தாயிற்று, திரௌபதி கூந்தலை முடித்தாயிற்று. அத்தோடு விட்டார்களா? இல்லை. செத்துக் கிடக்கும் துரியோதனனுக்காகவும் அங்கே ஒப்பாரி எழுகிறது. கெட்டவன் என்று பத்துப் பதினெட்டு நாளாக ஏசிய அதே சனம் அந்தத் தாயின் அழுகையைக் கேட்டு மௌனமாக நிற்கிறது. அந்த வழிபாட்டில் நமக்குப் பங்கில்லை. நம் ஈமான் வேறு, நம் பாதை வேறு. ஆனால் எதிரிக்கும் ஒரு தாய் இருக்கிறாள் என்று பக்கத்துத் தெருக்காரர் தன் பிள்ளைகளுக்கு விடிய விடியச் சொல்லித் தருகிறார் என்றால், அதை அறியாமல் இருப்பது நமக்குப் பெருமையா?

இங்கே ஒரு தம்பி கேட்கலாம்: கூத்து, பாட்டு, கதை, இதெல்லாம் மார்க்கத்தில் கூடுமா? நியாயமான கேள்வி. வரம்பு உண்டு, ஆபாசமும் இணைவைப்பும் கூடாது, அதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வரம்பு இருக்கிறது என்பதற்காக வாசலையே அடைத்துவிட முடியுமா? கன்ஸா (ரலி) என்ற அரபுப் பெண் கவிஞரை நினைத்துப் பாருங்கள். இஸ்லாத்துக்கு முந்தைய கோத்திரச் சண்டைகளில் சகோதரர்களைப் பறிகொடுத்து, அவர்களுக்காக இரங்கற் கவிதை பாடிப் பாடியே புகழ் பெற்றவர். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து இஸ்லாத்தை ஏற்றபோது, அவருடைய கவிதையைப் பெருமானார் விரும்பிக் கேட்டார்கள், இன்னும் சொல்லும்படி தூண்டினார்கள் என்று வரலாறு சொல்கிறது. கவிஞர் ஹஸ்ஸான் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே மேடை போட்டுக் கொடுக்கப்பட்டது.

யூசுஃப் அத்தியாயத்தை எடுத்துக் கொள்ளுங்கள். கதைகளில் மிக அழகானது என்று அல்லாஹ்வே அதை அறிமுகம் செய்கிறான். எப்போது அருளப்பட்டது? கதீஜா (ரலி) அம்மையாரையும் பெரிய தந்தை அபூதாலிபையும் அடுத்தடுத்து இழந்து பெருமானார் துயரத்தில் இருந்த காலத்தில் என்று விரிவுரையாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அதில் வரும் தந்தை யஃகூப் (அலை) அழுது அழுது கண் வெளுத்துப் போகிறார். அவர் ஒரு நபி! அழுவது பொறுமைக்கு விரோதம் என்று யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. நாம்தான் நம் பையன்களிடம் “ஆம்பளைப் பிள்ளை அழலாமா” என்று கேட்டு வாயை அடைக்கிறோம். அடைத்த வாய் பிறகு எங்கே போய்த் திறக்கிறது என்பதை 1998 பிப்ரவரியில் பார்த்தோம்.

(கண் என்றதும் இந்த ஊர்க்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். கூரத்தாழ்வான். ராமானுஜரின் சீடர். அரசன் கொடுமையால் கண்களை இழந்தவர், தம்மைக் காட்டிக் கொடுத்தவனுக்கும் நற்கதி வேண்டும் என்று காஞ்சி வரதரிடம் கேட்டார் என்பது வைணவர்களின் மரபுக் கதை. உங்கள் பக்கத்து வீட்டு ஐயங்காரிடம் கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார். கேளுங்கள். அப்படிக் கேட்பதற்காகவே ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள்.)

கதை கேட்டால் ரத்தம் கழுவப்பட்டு விடுமா என்று கேட்பீர்கள். கதையும் மண்ணும் வண்ணமும் கொண்டு இதைச் செய்து பார்த்த ஓர் இடம் உண்டு. அதுவும் தமிழ் பேசும் மண்ணில், நம்மவரும் தமிழ் இந்துக்களும் ஒருவரை ஒருவர் பார்க்கவே அஞ்சிய மண்ணில். இலங்கையின் மட்டக்களப்பு.

1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுஸைனியா பள்ளிவாசலிலும் இஷா தொழுது கொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் ஸஃப்பில் நின்றபடியே ஷஹீதானார்கள். சுவரில் குண்டு பாய்ந்த அடையாளங்களை அவ்வூர் மக்கள் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். சில நாட்களில் ஏறாவூர். அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாண முஸ்லிம்களை உஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து நம்மவர் ஆயிரக்கணக்கில் விரட்டப்பட்டு, புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் காலம் தள்ளினார்கள். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் நீதி தவறியவன் ஆவேன். அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று மட்டக்களப்பை அடுத்த சத்துருக்கொண்டானில் ராணுவம் தமிழ்க் கிராமத்தினரைக் குழந்தை குட்டிகளோடு கொன்றது. அந்தக் கொடுமைகளில் நம் பெயர் தாங்கிய ஊர்காவல் படையினருக்கும் பங்கிருந்தது என்று தமிழர்கள் சொல்கிறார்கள். காத்தான்குடிப் பிள்ளைக்குத் தமிழன் என்றால் கொலைகாரன். பக்கத்து ஊர்த் தமிழ்ப் பிள்ளைக்கு முஸ்லிம் என்றால் காட்டிக் கொடுப்பவன். இரண்டு பிள்ளையும் பேசுவது ஒரே மட்டக்களப்புத் தமிழ்!

அந்த மண்ணில் 1996 இல் ‘வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா’ என்று ஒரு தோட்டம் திறந்தார்கள். கனடாவிலிருந்து வந்த ஓவியர் பால் ஹோகனும், உள்ளூர் இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் முன்னின்றார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்தும் முஸ்லிம் பள்ளிக்கூடத்திலிருந்தும் பிள்ளைகளை ஒரே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வருவார்கள். வாரம் ஒரு நாள். மாதக்கணக்கில் தொடர்ந்து. அங்கே யாரும் சமாதானம் பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை (நம் மேடைகளுக்கும் இது உறைக்க வேண்டும்). களிமண் கொடுத்தார்கள். வண்ணம் கொடுத்தார்கள். மரத்தடியில் கதை சொன்னார்கள், பாடினார்கள், பிள்ளைகளையே நாடகம் கட்டச் சொன்னார்கள். கூட இருந்து வழிகாட்டியவர்கள் அந்த வட்டாரத்துத் தமிழ், முஸ்லிம் இளைஞர்களே. அவர்களும் அதே போரில் அடிபட்டவர்கள்தாம்.

வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளை களிமண்ணில் பிசைகிறது. வீடு செய்யும், எரிக்கும், மறுபடி செய்யும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் ஒரு வீடு செய்து எரிக்கிறது. அப்போது இரண்டும் நிமிர்ந்து பார்க்கின்றன. ‘உன் வீடும் எரிந்ததா?’ இந்த ஒரு கேள்வி வாயில் வர வேண்டும் என்பதற்குத்தான் அத்தனை வாரம், அத்தனை பொறுமை. வெளியே போர் ஓயவில்லை; அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது. ஒரு தோட்டம் போரை நிறுத்திவிடாது. ஆனால் அந்தத் தோட்டத்துக்குள் வந்து போன பிள்ளைக்கு மறுதரப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு முகம் கிடைத்தது.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனி மனிதனை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் நம்பிக்கையையும் சேர்த்தே நோயாக்குகிறது என்று விரிவாக எழுதியிருக்கிறார். ஊருக்கு வந்த நோயை மாத்திரையால் மட்டும் தீர்க்க முடியாது. ஒப்பாரி, சடங்கு, கூத்து, கூடிப் பேசுதல் இவையும் வேண்டும் என்பது அவரைப் போன்ற மருத்துவர்களின் அனுபவம்.

கலைக்கு இவ்வளவு சக்தி உண்டா என்று இன்னும் சந்தேகமா? கலவரக்காரர்களுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. 2002 குஜராத்தில் அகமதாபாத்தில் எதை இடித்தார்கள்? முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உர்துக் கவிஞர் வலீயின் கல்லறையை. போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கு எதிரிலேயே இடித்துத் தரைமட்டமாக்கி, அதன்மேல் தார்ச்சாலை போட்டார்கள். வதோதராவில் இசை மேதை உஸ்தாத் ஃபையாஸ் கானின் கல்லறையும் தாக்கப்பட்டது. பாடகனின் கல்லறையில் என்ன பயம்? இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து தலையாட்டிய பாட்டு அங்கே புதைந்திருக்கிறது. அதுதான் பயம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ‘நீதியை மறந்துவிடு, வா சேர்ந்து பாட்டுப் பாடலாம்’ என்று எவனாவது வந்தால் அவனை நம்பாதீர்கள். கொன்றவன் வெளியே திரியும்போது மேடையில் கை கோத்துப் போட்டோ எடுப்பது நல்லிணக்கம் ஆகாது. வழக்கும் நடக்கட்டும், போராட்டமும் நடக்கட்டும். ஆனால் வழக்கு, யார் குற்றவாளி என்பதைத்தான் சொல்லும். எதிர்க்கடை நாடாரிடமும் பக்கத்துக் கடைச் செட்டியாரிடமும் மறுபடி எப்படிப் பேசத் தொடங்குவது என்பதை எந்த நீதிபதியும் தீர்ப்பில் எழுத மாட்டார்.

வியாபாரப் பெருமக்களே! ‘எங்களுக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம்’ என்று கல்லாவில் உட்கார்ந்து கேட்காதீர்கள். தோப்பில் முஹம்மது மீரான் யார்? மிளகாய் வற்றல் வியாபாரி. மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து நாவல் எழுதினார். 1997 இல், கோவை எரிந்த அதே ஆண்டில், சாகித்திய அகாதெமி விருது பெற்றார். நம் வீட்டுப் பேச்சை, நம் தெருவின் நல்லது கெட்டதை, ஒளிக்காமல் எழுதினார். அதைப் படித்த முஸ்லிம் அல்லாத வாசகர்கள் எத்தனை ஆயிரம் பேர் நம் வீட்டுக்குள் முதன்முதலாக எட்டிப் பார்த்திருப்பார்கள்! நாகூர் ஹனீபாவின் குரல் தெருத்தெருவாக ஒலித்தபோது எந்தச் சாதிக்காரர் காதைப் பொத்திக் கொண்டார்?

நீங்கள் விற்கிற காஞ்சிப் பட்டையே பாருங்கள். கர்நாடகத்து ராம்நகரிலும் சித்லகட்டாவிலும் கூட்டிலிருந்து நூல் இழுப்பவர்களில் ஏராளமானோர் நம்மவர்கள். ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. இங்கே தறியில் அமர்பவர் பத்மசாலியராகவோ செங்குந்தராகவோ சௌராஷ்டிரராகவோ இருப்பார். கோர்வைச் சேலை என்றால் கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா, அந்தக் கரைக்கு ஒரு நாடா; தனி ஆளால் ஆகாது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். இத்தனை பேர் கை பட்ட சேலையைக் கல்யாணப் பெண் உடுத்துகிறாள். சேலை வரைக்கும் நாம் ஒன்று. சேலையை மடித்து வைத்த பிறகு வேறு வேறு என்றால் அது வியாபாரத்துக்கும் நல்லதல்ல, ஊருக்கும் நல்லதல்ல.

இனி உங்களுக்கு ஒரு வேலை. தம்பிமார்களே, 1992 ஐயும் 1997 ஐயும் கண்ணால் பார்த்தவர்கள் நம் ஜமாஅத்தில் இன்னும் இருக்கிறார்கள். நரை விழுந்துவிட்டது, சிலருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டது. அவர்களிடம் போய் உட்காருங்கள். கோஷத்துக்காகக் கேட்காதீர்கள். அன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எந்தத் தெரு வழியாக ஓடி வந்தீர்கள், யார் கதவைத் திறந்துவிட்டார்கள், யார் சாத்தினார்கள் என்று கேளுங்கள். கதவைத் திறந்தவர் பெயர் வரும்போது எழுதிக் கொள்ளுங்கள். அவர் உயிரோடு இருந்தால் அவரையும் பாருங்கள். அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும், பல வருஷமாக யாரும் கேட்காதது. உங்களில் வரையத் தெரிந்தவர் வரையட்டும். எழுதத் தெரிந்தவர் கதையாக எழுதட்டும், நம் பத்திரிகை இடம் தரும். ரமலானில் இஃப்தாருக்கு அக்கம் பக்கத்தாரைக் கூப்பிடும்போது, தலைவர்களின் வாழ்த்துரையைக் குறைத்துவிட்டு, அந்த முதியவர்களில் இருவரை, அந்தப் பக்கம் ஒருவர் இந்தப் பக்கம் ஒருவர், பேச வையுங்கள். கஞ்சி ஆறினாலும் பரவாயில்லை.

தாய்மார்களுக்கும் இதில் வேலை உண்டு. அடைக்கலம் கொடுத்ததும் அடைக்கலம் தேடியதும் பெரும்பாலும் அடுக்களை வழியாகத்தான் நடந்திருக்கிறது. அந்தக் கதைகளை ஆண்கள் கேட்டால் முழுதாக வராது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

முதல் அமர்வை வரும் வெள்ளி இரவு இஷாவுக்குப் பிறகு வைத்துக் கொள்ளலாம் என்று ஜமாஅத்தார் ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள்.